எந்த வயதில் வந்தது போர்

முல்லைத்தீவு நந்திக்கடலுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் வீட்டுக் கதவு நிலையில் ஒரு பை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தாரின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகளின் பிரதிகள், காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகள் எல்லாம் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றப்பட்டு அதற்குள் இருக்கின்றன. யாராவது ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினால் அவர் உடனே கையொப்பம் இடுவதில்லை. மூன்று முறை வாசிப்பார்; இதை யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று விசாரிப்பார். அயலவர்கள் அவரைச் 'சந்தேகப் பிராணி' என்கிறார்கள். உளவளத்துணைப் பாடநெறி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் என்னோடு அந்த வீட்டுக்கு வந்து திரும்பும் வழியில், "சேர், இது சந்தேக ஆளுமைக் கோளாறுதானே? புத்தகத்தில இருக்கிற மாதிரியே இருக்கு" என்று கேட்டார்.

அயலவர் சொன்ன சொல்லும் அந்த இளைஞர் சொன்ன சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் அந்த மனிதரின் நடத்தையை அவருடைய குணத்துக்குள் போட்டு மூடிவிடுகின்றன. அந்த நடத்தை எப்போது தொடங்கியது, அப்போது அவருக்கு என்ன வயது, அவருடைய தோளில் யார் யாருடைய பொறுப்பு இருந்தது என்ற கேள்விகள் வெளியே நின்றுவிடுகின்றன. ஆளுமை வகை, ஆளுமைக் கோளாறு, உளசமூக வளர்ச்சிப் பருவம் என்னும் மூன்றும் ஆசிரியர் பயிற்சியிலும் உளவளத்துணைப் பயிற்சியிலும் அடுத்தடுத்த பாடங்களாக வருவதால், ஒன்றின் தொடர்ச்சியே மற்றது என்ற மயக்கம் எங்களுக்கு உண்டாகிறது. உண்மையில் அவை வேறு வேறு காலங்களில், வேறு வேறு தேவைகளுக்காகப் பிறந்த கருத்துகள். 2009இல் இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்த வன்னியில் ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மூன்றாவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நாங்களோ முதலாவதில் தொடங்கி, இரண்டாவதில் அவசரப்பட்டு, மூன்றாவதைப் பரீட்சைக்கு மனனம் செய்துவிட்டு நின்றுவிடுகிறோம்.

மனிதரை வகை பிரிக்கும் ஆசை மிகப் பழையது. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் உடலில் உள்ள நான்கு திரவங்களின் மிகுதி குறைவை வைத்து ஒருவரின் இயல்பைச் சொன்னார்கள். எங்களுடைய சித்த மருத்துவம் வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்) என மூன்றைக் கொண்டது. நாடி பார்த்துவிட்டு "பித்த உடம்பு, அதுதான் இந்தக் கோவம்" என்று சொல்லும் பரியாரியார்மார் வன்னியில் இருந்தார்கள், இன்னமும் இருக்கிறார்கள். 1921இல் சுவிற்சர்லாந்து உளமருத்துவர் கார்ல் யுங், மனத்தின் விசை உள்நோக்கிச் செல்பவர்கள், வெளிநோக்கிச் செல்பவர்கள் என்ற பிரிவை எழுதினார். அதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும், உளவியலில் முறையான பயிற்சி பெறாதவர்களாகவே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாக்கொத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். மனிதர்களை 16 வகைகளாகப் பிரிக்கும் அந்த வினாக்கொத்தின் சாயல்களைத்தான் இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கைபேசியில் தட்டிப் பார்க்கிறார்கள். தன்னைப் பற்றி யோசிப்பதற்கு ஒரு சாட்டுக் கிடைப்பது நல்லதே. ஆனால் சில வாரங்கள் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடியும் விடையளித்தால் கணிசமானோருக்கு வேறொரு வகை கிடைத்துவிடுகிறது.

இதற்குக் காரணம் விளங்கக் கடினமானதன்று. காலைப் பிரார்த்தனைக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகளை உயர வரிசைப்படி நிறுத்தினால், நெட்டையர் ஒரு கூட்டம், குட்டையர் ஒரு கூட்டம் என்று இடையில் வெளி விட்டு அவர்கள் நிற்பதில்லை. நடுவில்தான் அதிகம் பேர். அமைதியும் கலகலப்பும் அப்படித்தான். நடுவில் நிற்கும் பெருங்கூட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் இன்னொரு வகை என்று பெயரிட்டால், கோட்டுக்கு அருகில் நிற்பவர் இன்றைக்கு இங்கும் நாளைக்கு அங்கும் விழுவார். அதனால் ஆய்வாளர்கள் வகையைக் கைவிட்டு அளவுக்குப் போனார்கள். 1936இல் கோர்டன் ஓல்போர்ட், ஹென்றி ஒட்பேர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டி, மனிதரின் இயல்பைக் குறிக்கும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். மக்கள் ஒருவரையொருவர் விவரிக்க எந்தச் சொற்களை வைத்திருக்கிறார்களோ அவற்றிலேயே ஆளுமையின் வரைபடம் இருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. பின்வந்தவர்கள் அந்தக் குவியலைப் புள்ளிவிவர முறைகளால் சலித்து, புதுமையை ஏற்கும் திறந்த மனம், பொறுப்புணர்வு, புறமுகப் போக்கு, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை என ஐந்து பரிமாணங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வன்னியிலும் இப்படி ஒரு திரட்டுச் செய்ய யாராவது முன்வர வேண்டும் என்று நான் பல முறை ஆசைப்பட்டிருக்கிறேன். 'முசுப்பாத்தியான ஆள்', 'அமசடக்கு', 'இளகின மனம்', 'ஒட்டாத சீவன்', 'ஒருமாதிரியான ஆள்' என்று எங்கள் பேச்சில் கிடக்கும் சொற்கள் எந்த வினாக்கொத்திலும் ஏறவில்லை.

இந்த ஐந்து அளவுகளிலும் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுவோடு தொடர்புடையது என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. வயது ஏற ஏறப் பொறுப்புணர்வும் இணக்கமும் பொதுவாகக் கூடுகின்றன. இவ்வளவும் பயனுள்ள அறிவுதான். இருந்தும் கதவு நிலையில் தொங்கும் அந்தப் பையைப் பற்றி இந்த அறிவு எதையும் சொல்லவில்லை.

ஆளுமைக் கோளாறு என்பது இதிலிருந்து வேறான, மருத்துவம் சார்ந்த ஒரு தீர்ப்பு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஆளுமைக் கோளாறுகளுக்குத் தனியான ஓர் இடத்தையும் தெளிவான நிபந்தனைகளையும் வகுத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு பத்துக் கோளாறுகளை மூன்று கொத்துகளாக வைத்திருக்கிறது. அளவு கடந்த சந்தேகம், உறவுகளிலிருந்து விலகல், விசித்திரமான எண்ணப்போக்கு ஆகியவை முதற்கொத்தில் உள்ளன. சமூக விரோதப் போக்கு, எல்லைநிலை ஆளுமை, மிகையான உணர்ச்சி வெளிப்பாடு, தன்மோகம் ஆகியவை இரண்டாவதில் வருகின்றன. அச்சத்தால் ஒதுங்குதல், பிறரில் முற்றாகச் சார்ந்திருத்தல், ஒழுங்கில் விடாப்பிடி ஆகியவை மூன்றாவதைச் சேர்ந்தவை. இந்தப் பெயர்களைப் பாடமாக்குவது இலகு. பெயருக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கும் வாசற்படியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த நடத்தை அவருடைய பண்பாடு எதிர்பார்ப்பதிலிருந்து வெகுவாக விலகியிருக்க வேண்டும். வீட்டிலும் வேலையிலும் கோயிலிலும் கடையிலும் எங்கும் வளைந்து கொடுக்காததாக இருக்க வேண்டும். அதன் தொடக்கம் வளரிளம் பருவத்திலோ இளமையின் முற்பகுதியிலோ இருக்க வேண்டும். அதனால் அவர் துன்பப்படவோ வாழ்க்கை நடத்த முடியாமல் தடுமாறவோ வேண்டும். இன்னொரு நோயோ மதுவோ மருந்தோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இவை அனைத்தும் சேர்ந்தால் மட்டுமே அந்தத் தீர்ப்பை எழுதலாம். சமூக விரோத ஆளுமை என்ற பெயரை 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்கு இடவே கூடாது.

பண்பாடு என்ற நிபந்தனையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கணவனை இழந்த ஒரு பெண், மகளின் பாடசாலை மாற்றத்துக்குக் கூட "தம்பியைக் கேட்டுச் சொல்றன்" என்று சொன்னால், அதைச் சார்ந்திருக்கும் ஆளுமை என்று எழுதுவது பிழை. எங்கள் ஊரில் முடிவு என்பது ஒரு குடும்பம் சேர்ந்து எடுப்பது. வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை அம்மன் கோயில் வீதியில் உருவந்து ஆடும் பெண்ணை, ஊரே வணங்கி வழிவிடும் அந்த நேரத்தை வைத்து விசித்திர ஆளுமை என்று சொல்வதும் அப்படியே. அதே பெண் மறுநாள் காலை நெல் அவித்து, கணக்குப் பார்த்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறாள்.

எல்லைநிலை ஆளுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைவிடப்படுவோமோ என்ற அச்சத்தில் உறவுகளை இறுகப் பிடிப்பதும் பிறகு உதறுவதும், உணர்ச்சி ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவதும், தன்னைத் தானே காயப்படுத்துவதும் அதில் காணப்படலாம். எங்கள் ஊரில் அப்படியொரு பெண்பிள்ளையைப் பார்த்தால் "நடிக்கிறாள்" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன். அவள் படும் வேதனை உண்மையானது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெகான் இதற்கென ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியதோடு, தானும் இளவயதில் அத்தகைய துன்பத்தால் மருத்துவமனையில் இருந்தவரே என்று 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானோருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் அறிகுறிகள் வெகுவாகத் தணிந்திருப்பது தெரியவந்திருக்கிறது. 'குணம் மாறாது' என்ற ஊர் நம்பிக்கை இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது.

இனி அந்தப் பைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், ஆளுமைக் கோளாறுகளிலிருந்து பிரித்து, 'பேரழிவு அனுபவத்தின் பின்னான நிலைத்த ஆளுமை மாற்றம்' என்று ஒரு தனி வகை இருந்தது. வதைமுகாம், சித்திரவதை, நீண்ட சிறை, உயிராபத்தான சூழலில் நெடுங்காலம் வாழ நேர்தல் போன்றவற்றுக்குப் பிறகு, முன்பு அப்படி இல்லாத ஒருவர் உலகத்தை நம்பாதவராக, ஒதுங்கியவராக, வெறுமையுற்றவராக, எந்நேரமும் ஆபத்து வரப்போவது போல விழித்திருப்பவராக மாறி, அந்த மாற்றம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்தால் இந்தப் பெயர் பொருந்தும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு இதை நீக்கி, சிக்கலான மனவடு நோய் என்ற வகையைக் கொண்டுவந்தது. ஆளுமைக் கோளாறுகளின் பழைய பெயர்ப்பட்டியலையும் அது பெரும்பாலும் விட்டுவிட்டு, மெல்லிய, நடுத்தர, கடும் நிலை என்று கடுமையை அளக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. பெயர்கள் எப்படி மாறினாலும் இந்த வகைப்பாடு ஏற்றுக்கொண்ட உண்மை ஒன்று உண்டு: சந்தேகம் ஒருவரின் இளமையிலிருந்தே கூட வந்ததா, ஒரு காலத்துக்குப் பின் வந்து ஒட்டிக்கொண்டதா என்று கேட்காமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது. வடக்கின் உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இன்னும் ஒரு படி சென்று, வன்னியில் நடந்ததைத் தனியாளின் மனவடு என்று மட்டும் பார்க்கக் கூடாது, குடும்பமும் ஊரும் ஒருவர் மீது ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்து சிதைந்த கூட்டு மனவடு என்று பார்க்க வேண்டும் என எழுதியிருக்கிறார். ஊரே நம்பிக்கை இழந்திருக்கும்போது ஒருவரை மட்டும் சந்தேகக்காரர் என்பது எப்படிப் பொருந்தும்?

எப்போது வந்தது என்ற கேள்விதான், உளசமூக வளர்ச்சிப் பருவங்களை வகுத்த உளவியலாளர் எரிக் எரிக்சனிடம் என்னைக் கொண்டுபோகிறது. 1902இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்த அவருக்குத் தன்னைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மாற்றாந்தந்தையின் பெயரோடு வளர்ந்து, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். 'அடையாள நெருக்கடி' என்று இன்று எல்லோரும் எடுத்தெறிந்து பேசும் சொற்றொடரை அவர் முதலில் பயன்படுத்திய இடம் எது என்பதை எங்கள் பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினருக்காகச் சான் பிரான்சிஸ்கோவில் இயங்கிய புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையத்தில்தான் அந்தச் சொல் பிறந்தது. அந்த மனிதர்கள் பைத்தியமாகவில்லை, நடிக்கவும் இல்லை. நேற்றிருந்த நானும் இன்றிருக்கும் நானும் ஒருவர்தான் என்ற தொடர்ச்சி உணர்வை அவர்கள் இழந்திருந்தார்கள் என்று அவர் கண்டார். போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்துச் செய்த கோட்பாட்டை, போருக்குள்ளேயே இருந்த மக்களிடம் வெறும் அட்டவணையாகக் கற்பிப்பது எனக்கு எப்போதும் மனவருத்தம் தந்துவந்திருக்கிறது.

1950இல் அவர் வெளியிட்ட நூலில் மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பார்த்தார். ஒவ்வொரு பருவத்திலும் உடலின் வளர்ச்சியும் சமூகத்தின் எதிர்பார்ப்பும் சந்திக்கும் ஓர் இழுபறி இருக்கிறது. அதில் நல்ல பக்கம் முற்றாக வெல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையில் ஒரு நல்ல விகிதம் வேண்டும் என்றார். மீள்குடியேறிய காலத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பற்றைக்குள் கிடந்த இரும்பைத் தொடாமல் விட்டுவந்து பெரியவர்களிடம் சொன்ன பிள்ளையின் அவநம்பிக்கை அந்தப் பிள்ளையின் உயிரைக் காத்தது.

முதற்பருவம் பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை வயது வரை. பசிக்கும்போது பால் வருமா, அழும்போது யாராவது தூக்குவார்களா என்பதே அங்கே கேள்வி. அப்படியானால் 2009இன் தொடக்கத்தில் சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகளுக்கு நடுவே, பதுங்குகுழிக்குள் தாயின் மடியில் கிடந்த கைக்குழந்தையின் அடிப்படை நம்பிக்கை என்னவாகியிருக்கும்? இலண்டன் குண்டுவீச்சின்போது அங்கே போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அனா பிராய்டும் டொரதி பர்லிங்கமும் கண்டது இந்த இடத்தில் உதவுகிறது. தாயின் அருகில் இருந்த சிறு பிள்ளைகள் குண்டுச்சத்தத்தைத் தாங்கிக்கொண்டார்கள்; பாதுகாப்பான இடத்துக்கென்று தாயிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் அந்தப் பிரிவைத் தாங்க மிகவும் பாடுபட்டார்கள். ஆகவே அந்தக் குழந்தையின் நம்பிக்கையைத் தீர்மானித்தது எறிகணை விழுந்த தூரத்தை விட மடியின் இறுக்கம்தான் என்று சொல்லத் துணிகிறேன். அந்த மடி இல்லாமற்போன பிள்ளைகளின் கதை வேறு. அங்கும் ஓர் அம்மம்மாவோ சித்தியோ, முகாமில் அடுத்த தறப்பாளில் இருந்த அந்நியப் பெண்ணோ மடியாகியிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கைக்குழந்தைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், சாதாரண தரப் பரீட்சை வயதையும் கடந்துவிட்டார்கள்.

இரண்டாம் மூன்றாம் பருவங்கள், அதாவது தானாக நடந்து தானாக உண்ணும் வயதும், விளையாட்டில் தானே முன்கை எடுக்கும் வயதும், ஓடித்திரிய இடம் வேண்டிய பருவங்கள். போர் முடிந்தபின் செட்டிகுளம் முகாம்களில் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் அடைக்கப்பட்டிருந்தபோது, அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கொட்டில்களுக்கு இடைப்பட்ட ஓடையும் தண்ணீர் வரிசையும்தான்.

நான்காம் பருவத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை, கேள்வி வேறு: என்னால் ஒன்றைச் செய்து முடிக்க முடியுமா? 2010இல் மீள்குடியேற்றப் பாடசாலை ஒன்றில் நான் படிப்பித்தபோது, நாலாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கொடுத்த இடத்தில் இருக்கமாட்டான். எப்போதும் வாசலடிக்கே போவான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் "கவனமில்லை, ஒத்துழைப்புக் குறைவு" என்று நான் என் கையால் எழுதினேன். அறிக்கையோடு அவனுடைய அம்மம்மா வந்தார். "சேர், இவன் வெளியால போற வழி தெரிஞ்சாத்தான் இருப்பான். பங்கருக்க உள்ளுக்க இருந்த தமையன் வெளியில வரேல்ல" என்று சொல்லிவிட்டு, என்னைக் குறைசொல்லாமல் எழுந்து போனார். அன்றைக்கே அவனுடைய மேசையை வாசலோரம் போட்டோம். வாசலோரம் இருந்ததால் பாட வேளை முடிய மணியடிக்கும் பொறுப்பும் அவனுக்கு வந்தது. ஒரு நாளும் பிந்தவில்லை. செய்துமுடிக்கும் திறனைத் தேடும் வயதில் இருந்த ஒரு பிள்ளைக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது தாழ்வு மனப்பான்மையைத்தான் என்பது எனக்கு விளங்கப் பிந்திவிட்டது.

இதே பருவத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின் கீழ் வன்னியில் வளர்ந்தவர்கள், போத்தல் விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பற்றாக்குறையின் நடுவே கைவேலையால் எதையும் சரிக்கட்டிவிடலாம் என்ற உறுதி அந்தத் தலைமுறைக்கு உண்டு. போர் தொட்ட பருவமெல்லாம் கருகிப்போகும் என்று எண்ணுவோர் இவர்களிடம் ஒரு நாள் பேசிப்பார்க்கலாம்.

ஐந்தாம் பருவம் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையானது. நான் யார், எதற்கு உண்மையாக இருப்பேன் என்பது அங்கே கேள்வி. இந்த வயதில் இளைஞருக்குச் சமூகம் ஒரு தவணை கொடுக்க வேண்டும், பல வேடங்களைப் போட்டுக் கழற்றிப் பார்க்க அவகாசம் தர வேண்டும் என்றார் எரிக்சன். 1966இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்ஷியா இதை மேலும் ஆராய்ந்து, தேடிப் பாராமலே பிறர் தந்த அடையாளத்தை ஏற்று முடித்துக்கொள்ளும் நிலையையும் தனியாகப் பிரித்துக் காட்டினார். வன்னியில் ஒரு தலைமுறைக்கு அந்தத் தவணை கிடைக்கவில்லை. அடையாளம் வயதுக்கு முன்பே வந்து சேர்ந்தது, பிறகு ஒரே நாளில் பறிபோனது. போரின் முடிவில் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட விடுதலைப் புலிப் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேரில் பலர் இருபதுகளில் இருந்தார்கள். வெளியே வந்த பிறகு அரச அலுவலகத்திலும் தொண்டு நிறுவனப் படிவத்திலும் கல்யாணப் பேச்சிலும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்ட சொல் 'முன்னாள்' என்பது. ஒருவரை அவர் இப்போது எதுவாக இல்லையோ அதனாலேயே அழைத்துக்கொண்டிருந்தால் தொடர்ச்சி உணர்வு எங்கிருந்து வரும்? அவர்களில் ஒருவர் பேச்சைக் குறைத்து, கூட்டங்களைத் தவிர்த்து, யாரோடும் ஒட்டாமல் இருந்தால் விலகல் ஆளுமை என்று எழுதுவதற்கு முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இதை யோசிக்க வேண்டும்.

ஆறாம் பருவமான நெருக்கத்தின் பருவம் அடையாளத்துக்குப் பிறகு வருவது என்றார் எரிக்சன். இங்கே அந்த ஒழுங்கும் குலைந்தது. ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றப் பதினேழு, பதினெட்டு வயதில் அவசரமாகச் செய்துவைத்த திருமணங்கள் பல. தங்களையே அறியாத இருவர் ஒருவரையொருவர் அறிய வேண்டியிருந்தது.

ஏழாம் பருவம் நடுவயது. அடுத்த தலைமுறையை உருவாக்கி வளர்ப்பதா, தேங்கி நிற்பதா என்பது அதன் இழுபறி. அதில் விளையும் பலத்துக்கு எரிக்சன் இட்ட பெயர் அக்கறை. கதவு நிலையில் பையைத் தொங்கவிட்டிருக்கும் அந்த மனிதருக்கு 2009இல் முப்பத்தைந்து வயதுக்கு மேல். மூன்று பிள்ளைகளோடு அவர் இடம்பெயர்ந்தது ஒரு தடவை அல்ல. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கடலை நோக்கி ஒடுங்கிய பாதையில், ஒவ்வொரு இடத்திலும் சாமான்களில் ஒரு பகுதியைக் கைவிட்டுக் கடைசியில் மிஞ்சியது அந்தப் பை. பதிவிலும் முகாமிலும், பிள்ளைகளைப் பாடசாலையில் மறுபடி சேர்த்தபோதும், பிறகு காணியைக் கேட்டுப் போனபோதும் அந்தக் கடதாசிகள்தான் பேசின. கடதாசி இல்லாதவர்கள் எத்தனை தடவை அலைந்தார்கள் என்பதையும் அவர் பார்த்தார். பையில் இருப்பவற்றை மறுபடி எண்ணிப் பாருங்கள்: பெரும்பாலானவை பிள்ளைகளுடையவை. மூத்த மகளின் ஆண்டு ஒன்று அறிக்கைகூட அதில் இருக்கிறது. அவள் இப்போது ஆசிரியை. அந்த இளைஞர் கோளாறு என்று கண்ட அந்த வழக்கம், ஒரு தந்தை தன் பருவத்தின் வேலையைச் செய்துமுடித்த விதமாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் வந்தார். அந்த மனிதருக்குத் தூக்கமின்மை உண்டா, கனவில் துடிக்கிறாரா, சந்தேகம் மனைவி மக்கள் வரை நீள்கிறதா என்பதையெல்லாம் மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும்தான். துன்பம் இருந்தால் உதவி வேண்டும். அந்த உதவி அவருடைய கதையைக் கேட்ட பிறகு வர வேண்டும்.

எட்டாம் பருவத்தில் முதியவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, இது என்னுடைய வாழ்க்கைதான், வேறு எப்படியும் இருந்திருக்க வேண்டியதில்லை என்று ஏற்றுக்கொள்ளும் நிறைவுக்கும், காலம் போய்விட்டதே என்ற மனமுறிவுக்கும் இடையில் நிற்கிறார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது அவர்களில் பலர் இந்தப் பருவத்தில் இருந்த தாய்மார். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பை அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டு எழுதினார். முடிவு தெரியாததால் துக்கம் உறைந்துபோகிறது என்பது அவருடைய விளக்கம். இதைக் கோளாறு என்று வாசித்துவிடும் ஆபத்து எந்தப் பருவத்தை விடவும் இங்கே அதிகம். அந்தத் தாய்மாரின் பிடிவாதத்தை, மறுப்பை, மகனின் சட்டையை மடித்து வைத்திருப்பதை வேறெந்தப் பெயரால் அழைத்தாலும் அது பொய்யாகிவிடும்.

தெளிவற்ற இழப்பு ஒரு வீட்டில் இரண்டு பருவங்களை ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்திவிடுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பன் 2009 முதல் இல்லை. மகன் இருபதைத் தொட்டுவிட்டான். பாடசாலைக் காலம் முழுவதும் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்துக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டு வந்தவன் அவன். ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் கடற்கரைக்கும் கேணிக்கும் போய்த் தர்ப்பணம் செய்து, விரதம் இருந்து, பெயர் சொல்லிப் படைக்கிறார்கள். தானும் போகட்டுமா என்று அவன் ஒரு முறை கேட்டான். தாய் நெற்றியில் குங்குமத்தோடு அடுப்படியில் நின்றபடி, "அப்பா இல்லாத பிள்ளையள்தான் அந்த விரதம் பிடிக்கிறது" என்றார். அதன் பிறகு அவன் கேட்கவில்லை. அந்த நாளில் அவர்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. சோறும் மரக்கறியும் வாழைக்காய்க் கறியும் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.